ஸ்கைலாப் விழுந்த வாரத்து முகூர்த்தம்

1979இல் எனக்கு இருபத்து மூன்று வயது. சங்ககிரியில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தற்காலிக அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் திருச்செங்கோடு போகும் வழியில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து காட்டு வழியே நடந்து போகும் தூரத்தில் இருந்தது. கிணற்றுப் பாசனத்தில் நிலக்கடலையும் மரவள்ளியும் போடுவோம். எங்கள் குடும்பத்தில் காலேஜுக்குப் போன முதல் பெண் நான். சேலத்தில் விடுதியில் தங்கி இயற்பியல் படித்தேன். படிப்பில் எனக்குப் பெரிய கெட்டிக்காரத்தனம் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் படித்ததை ஒரு வகுப்பின் முன்னால் நின்று சொல்லும்போது, பின்பெஞ்சில் இருக்கிற பெண் கூட எட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தால் அன்றைக்குச் சாப்பாடு கூட வேண்டியிருக்காது.

அந்த வருஷம் என்னைப் போன்ற டீச்சர்களுக்கு நல்ல வருஷம். மார்ச்சில் வாயேஜர் விண்கலம் வியாழன் கிரகத்தின் பக்கத்தில் போய்ப் படம் அனுப்பியது. வியாழனைச் சுற்றும் நிலா ஒன்றில் எரிமலை பொங்குகிறது என்று ஆங்கிலப் பேப்பரில் வந்தது. எங்கள் பள்ளிக்கு அந்தப் பேப்பர் ஒரு நாள் தாமதமாகத்தான் வரும். படத்தை வெட்டி ஒன்பதாம் வகுப்புச் சுவரில் ஒட்டினேன். ஜூன் மாதம் நம் நாட்டு பாஸ்கரா செயற்கைக்கோள் ரஷ்யாவிலிருந்து மேலே போனது. ஆகஸ்டில் நாமே சொந்தமாக ஒரு ராக்கெட் விடப் போகிறோம் என்றும் பேச்சு இருந்தது. வெளியே லாரிப் பட்டறைகளில் தகரம் தட்டுகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில், சித்திரையில் எனக்கு மாப்பிள்ளை பார்த்து முடிவாகிவிட்டது.

மாப்பிள்ளை வீடு ராசிபுரம் பக்கம். நிலபுலனோடு சேகோ மில்லும் வைத்திருந்தார்கள். மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்து களம் முழுக்கக் காயப் போட்டிருப்பார்கள்; வெயிலில் பார்த்தால் கண் கூசும் என்று அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். மாப்பிள்ளை பி.காம். படித்துவிட்டு மில்லின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. எங்கள் வீட்டு முன்கூடமான ஆசாரத்துச் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். கூச்ச சுபாவம் என்று அம்மா சந்தோஷப்பட்டாள். அவருடைய அப்பா, நான் மாமா என்று கூப்பிட வேண்டியவர், நல்ல மனிதர்தான். கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கியிருந்தது. காப்பித் தம்ளரைத் தடவி எடுத்துக்கொண்டே, "நம்ம ஊட்டுக்கு வந்த பொறகு அம்முணிக்கு வேலை எதுக்குங்க மச்சான்? இருக்கறத ஆளோணுமே, அதே பெரிய வேலை" என்று அப்பாவிடம் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னார். அப்பா தலையாட்டினார். நான் உள்ளே நின்றுகொண்டு தட்டில் மிச்சமிருந்த முறுக்குகளை மறுபடி டப்பாவில் போட்டேன்.

வேலையை விட வேண்டும் என்பது அன்றைக்கு ஒரு பெரிய அநியாயமாக யாருக்கும் படவில்லை. எனக்கே அதை எதிர்த்துச் சொல்ல வார்த்தை இருக்கவில்லை. சோறு மட்டும் இறங்கவில்லை. ஆனி கடைசி வாரத்தில் முகூர்த்தம் குறித்தார்கள். திருச்செங்கோட்டில் மண்டபம் பேசி, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. பள்ளியில் ராஜினாமாவை எழுதித் தர வேண்டும். தலைமையாசிரியை, "எழுதிக்கொண்டு வாம்மா" என்று ஒரு தரம்தான் சொன்னார். நான் நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் ஸ்கைலாப் வந்தது.

அமெரிக்கா சில வருஷங்களுக்கு முன்னால் வானத்துக்கு அனுப்பி வைத்த ஆராய்ச்சிக்கூடம் அது. ஒரு வீட்டைப் போல அவ்வளவு பெரியது. ஆட்கள் அதில் போய்த் தங்கியிருந்து திரும்பி வந்த பிறகு காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி வருகிறது, ஜூலையில் விழுந்துவிடும், எங்கே விழும் என்று சொல்ல முடியாது என்று பேப்பர்கள் எழுதத் தொடங்கின. போலீஸுக்கு முன்னெச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள் என்று ரேடியோ சொன்னது. பஸ்ஸில், பால் ஊற்றுகிற இடத்தில், ரேஷன் கடை வரிசையில் எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. சிலர் எப்படியும் போகப் போகிற உயிர்தானே என்று கோழிகளை அடித்துச் சாப்பிட்டுத் தீர்த்தார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வெள்ளாட்டையே அறுத்துவிட்டார்.

ஆனி பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அப்பா கார் வைத்துக்கொண்டு திடீரென்று வந்து இறங்கினார். மாப்பிள்ளை வரவில்லை. உட்கார்ந்து தண்ணீர் குடித்த கையோடு விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"மச்சான், தப்பா நெனைக்கக் கூடாது. முகூர்த்தத்தச் சித்தத் தள்ளி வெச்சுக்கலாமுங்களா?"

அப்பாவுக்கு முகம் மாறிப் போனது. "ஏனுங்க, என்ன ஆச்சுங்க?"

"அந்த ஸ்கைலாப்பு நம்ம கண்ணாலத்து வாரத்துலதான் விழுகுதாமுங்க. பேப்பர்ல சேலம் ஜில்லான்னே போட்டிருக்கறான். அத்தன சனத்தையும் ஒரே மண்டபத்துக்குள்ள உக்கார வெச்சு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஆரு பதில் சொல்றது?"

சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் படித்த பேப்பர் எதிலும் சேலம் ஜில்லா என்று வரவில்லை. ஆனால் எத்தனையோ பேப்பர் வருகிறது, ஏதாவது ஒன்றில் அப்படிப் போட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா என் முழங்கையைப் பிடித்து, "நீ போயிச் சொல்லு அம்முணி. அதெல்லாம் விழுகாதுன்னு சொல்லு" என்று முன்னால் தள்ளினாள். அதே சமயம் மாமாவும் கூப்பிட்டார்.

"வா சாமி. நீ சயன்ஸ் டீச்சரு. நீ சொன்னா நான் கேட்டுக்கறேன். நம்ம பக்கம் விழுகுமா, விழுகாதா?"

"எங்க விழுகும்னு அமெரிக்காக்காரங்களுக்கே இன்னும் தெரியலைங்க மாமா. சேலம் ஜில்லான்னு யாருமே முன்கூட்டிச் சொல்ல முடியாதுங்க."

"செரி. அப்ப இங்க விழுகாதுன்னு உறுதியாச் சொல்லுவியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா கதவோரம் நின்று கண்ணாலேயே சொல்லச் சொன்னாள்.

"உறுதியாச் சொல்ல முடியாதுங்க மாமா. ஆனா விழுகறதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி."

முதல் வாக்கியத்தோடு அவர் காது அடைத்துக்கொண்டது. "பாத்தீங்களா மச்சான், படிச்ச புள்ளையே உறுதி இல்லீங்குது" என்றார்.

ஆனி போனால் ஆடி. ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆக, ஆவணிதான் என்று பேசி முடித்துக்கொண்டு அவர் கிளம்பினார். கார் போன புழுதி அடங்குவதற்குள் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்த, விழுகாதுங்கன்னு சொல்லியிருந்தா உன்ற வாயில முத்தா உதுந்திரும்?" என்றாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். துக்கம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது துக்கம் இல்லை என்று புரிந்தது. ரொம்ப நாளாகத் தலையில் சும்மாடு வைத்துத் தூக்கி வந்த பாரத்தை வழியில் யாரோ ஒருவர் இறக்கி வைத்தது போல இருந்தது. இரண்டு மாதத் தவணைதான். ஆனாலும் அன்று மத்தியானம் மூன்று தரம் சோறு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

முகூர்த்தம் இருந்திருக்க வேண்டிய அந்த வாரத்தில் நான் வழக்கம் போலப் பள்ளிக்குப் போனேன். வகுப்பில் பாதிப் பெண்கள் வரவில்லை. செத்தாலும் ஒன்றாகச் செத்துப் போகலாம் என்று வீட்டில் நிறுத்திக்கொண்டார்களாம். வந்தவர்களும் ஜன்னல் வழியே சங்ககிரிக் கோட்டை மலைக்கு மேலே வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "டீச்சர், நம்ம மலை மேல விழுந்தா மலை ஒடையுமுங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். பாடம் நடத்த முடியாது என்று தெரிந்துபோயிற்று. தலைமையாசிரியை அறையிலிருந்த உலக உருண்டையைக் கொண்டுவரச் செய்தேன். ஒவ்வொருத்தியாக வந்து கண்ணை மூடிக்கொண்டு, உருண்டையைச் சுற்றி விட்டு, விரலை வைக்கச் சொன்னேன்.

முதல் பெண்ணின் விரல் பசிபிக் கடலில் விழுந்தது. அடுத்தவளுக்கும் கடல். அதற்கடுத்தவளுக்கு ஆப்பிரிக்காவில் ஒரு பாலைவனம். மறுபடி கடல், மறுபடி கடல். வகுப்பில் சிரிப்பு கிளம்பியது. "பாருங்க, உலகத்துல முக்காவாசி தண்ணி. நெலத்துலயும் ஆள் இல்லாத எடந்தான் ஜாஸ்தி" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கடைசி பெஞ்சிலிருந்து வந்த ஒரு குள்ளமான பெண் கண்ணைத் திறந்து பார்த்தாள். அவள் விரல் சரியாகத் தென்னிந்தியாவின் மேல் இருந்தது. அவள் உதடு பிதுங்கி அழ ஆரம்பித்துவிட்டாள். தன் விரல் பட்டதால்தான் இனி விழப் போகிறது என்பது போல அழுதாள். நான் அவள் கையைப் பிடித்து, இன்னொரு தரம் சுற்றி வைக்கச் சொன்னேன். கடலில் விழுந்தது. "இதுதான் கணக்கு. மொதல்ல வெச்சது ஒத்திகை" என்றேன். அறிவியல் முறைப்படி அது தப்பு. ஆனால் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

புதன்கிழமை விழும் என்றார்கள். அன்றைக்குச் சீக்கிரமே சாப்பிட்டுப் படுத்துவிட்டோம். வியாழக்கிழமை காலையில் எழுந்தபோது கூரை இருந்தது, கிணறு இருந்தது, எருமை கத்திக்கொண்டிருந்தது. அப்பா ரேடியோவைத் திருகினார். ஸ்கைலாப் இந்துமகா சமுத்திரத்தின் மேல் உடைந்து சிதறி, துண்டுகள் கடலிலும் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பக்கத்திலும் விழுந்திருக்கின்றன, யாருக்கும் காயம் இல்லை என்று செய்தி வாசித்தவர் நிதானமாகச் சொன்னார். அம்மா கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கிழக்குப் பார்த்துக் கும்பிட்டாள். பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், லாரிப் பட்டறைகளின் வாசலில் தேங்காய் உடைத்திருந்தார்கள். கண்டக்டர் சில்லறை இல்லை என்று யாரிடமும் சண்டை போடவில்லை. ஆட்டை அறுத்த தோட்டத்துக்காரர் ஒருவர்தான் வருத்தமாக இருந்தார்.

மறுநாள் மத்தியான இடைவேளையில் பியூன் வந்து, "உங்களப் பாக்க ஒறம்பரை வந்திருக்கறாங்க டீச்சர்" என்றார். உறவுக்காரர் யாரோ என்று போய்ப் பார்த்தால் வேப்ப மரத்தடியில் மோட்டார் பைக்கை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை நின்றிருந்தார். முகமெல்லாம் புழுதி. ராசிபுரத்திலிருந்து ஒரே மூச்சாக வந்திருப்பார் போல.

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பெண்ணைத் தனியாக வந்து பார்ப்பது என்பது அப்போது சாதாரண விஷயம் இல்லை. நான் தலைமையாசிரியையைப் பார்த்தேன். அவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். சேலைத் தலைப்பில் ஒரு மடிப்புக் கலைய விட மாட்டார். இரண்டு நாற்காலிகளை வராந்தாவில் போடச் சொல்லிவிட்டு, ஒரு கட்டு விடைத்தாளை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி அவரும் உட்கார்ந்துகொண்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க" என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். அன்றுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "சொல்லிப்போட்டுப் போயிர்றேன்."

"சொல்லுங்க."

"அப்பனுக்குக் கண்ணுல பொரைங்க. பேப்பர நாந்தான் தெனமும் படிச்சுக் காட்டுவேன். அதுல, இந்தியாவுலயும் விழுகலாம்னுதான் போட்டிருந்துச்சு." பைக் சாவியை விரலில் சுற்றினார். "சேலம் ஜில்லாங்கறத நானே சேத்துப் படிச்சுப்போட்டனுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். விடைத்தாள் புரளும் சத்தம் நின்றிருந்தது.

"எதுக்குங்க அப்படி?"

அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். சேலத்தில் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளப் போன இடத்தில் ஒரு பெண்ணோடு பழக்கம் என்றார். சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பு. வேறு ஆட்கள். அவளுக்கு வார்த்தை கொடுத்திருக்கிறாராம். அப்பாவிடம் சொல்லத் தைரியம் இல்லை. கல்யாண நாள் நெருங்க நெருங்க என்ன செய்வதென்று தெரியாமல் பேப்பரை விரித்தபோது, கண்ணெதிரே ஸ்கைலாப் இருந்ததாம்.

"ரெண்டு மாசம் கெடைச்சா ஏதாச்சும் வழி பண்ணிக்கலாம்னு நெனச்சனுங்க. இப்ப அது கடல்ல விழுந்து தொலைஞ்சுது. அப்பன் நேத்தே ஆவணில தேதி பாக்க ஆரம்பிச்சுட்டாருங்க." குரலை இறக்கிக்கொண்டார். "நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னா…"

இவ்வளவு நேரம் இருந்த சிரிப்பு எனக்குப் போய்விட்டது.

"என்ன காரணம் சொல்லட்டுமுங்க?"

"மாப்பிள்ளையப் புடிக்கலைன்னு…"

"நிச்சயம் ஆன பொறகு பொம்பளப்புள்ள வேண்டாம்னா ஊரு என்ன பேசும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? எனக்கு வேற எடத்துல பழக்கம்னு பேசுவாங்க. உங்க கஷ்டத்த என்ற தலையில வெக்கறீங்க."

அவர் தலை குனிந்தது. தப்புச் செய்து மாட்டிக்கொண்ட ஆள் போல இல்லை. இதை யாராவது தன்னிடம் சொல்ல வேண்டும் என்று தெரிந்தே வந்தவர் போல இருந்தார். கோபத்தோடு கோபமாக எனக்குள் இன்னொன்றும் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கல்யாணம் நடக்காது. இந்த வராந்தாவை விட்டு நான் போக வேண்டாம். அதை நினைத்ததும் கோபம் வடிந்துவிட்டது.

"எங்கப்பாகிட்ட நடந்தத நடந்தபடி சொல்லுவேன்" என்றேன். "அவரு ஆத்திரப்படற ஆளு இல்லைங்க. என்ன பண்றதுன்னு அவரு பாத்துக்குவாரு."

"அந்தப் புள்ளையோட பேரு வெளிய வராதுங்களே?"

"எனக்குத் தெரிஞ்சாத்தானே வெளிய வரும். நீங்க இன்னும் பேரே சொல்லலைங்க."

அவர் எழுந்து கும்பிட்டார். பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார். தலைமையாசிரியை விடைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு, "நான் திருத்திக்கிட்டு இருந்தேம்மா, ஒண்ணும் காதுல விழல" என்றார். இரண்டு அடி போய்விட்டுத் திரும்பி, "சரியாத்தான் பேசின. ராஜினாமா எழுத வேண்டாம்" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அப்பா கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். கரண்ட் போய் மோட்டார் நின்றிருந்தது. பாதி வயலுக்குத்தான் தண்ணீர் பாய்ந்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பர் படித்த கதையைச் சொன்னபோது அவர் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. முடித்த பிறகு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உனக்கு வருத்தமா சாமி?"

"இல்லீங்கப்பா."

"நெனச்சேன். நிச்சயம் ஆனதுல இருந்து நீ சோறே செரியா உங்கல. கேக்கோணும் கேக்கோணும்னுதான் இருந்தேன். கேட்டா நீ பதில் சொல்லிப்போடுவியோன்னு கேக்கல."

கரண்ட் வந்தது. அவர் எழுந்து மடையைத் திருப்பப் போனார்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் அப்பா ராசிபுரம் போனார். காலையில் போனவர் பொழுது சாயும் நேரத்தில்தான் வந்தார். அம்மா வழியையே பார்த்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். விஷயம் அவளுக்கு முழுதாகத் தெரியாது. பேச்சு முறிகிறது என்று மட்டும் அப்பா சொல்லியிருந்தார். அவளிடம் சொன்னால் அக்காள் தங்கைகள் வழியாக ஜில்லா முழுக்கப் போய்விடும் என்று அவருக்குப் பயம்.

அப்பா சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, நிதானமாகச் சொன்னார். அங்கே போய், மாப்பிள்ளையைப் பற்றியோ என்னைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை குறையாகப் பேசவில்லை. "குறிச்ச முகூர்த்தத்துக்கு ஆகாசத்துல இருந்தே ஒரு தடங்கல் வந்துபோச்சுங்க மச்சான். அதத் தாண்டிப் பண்ண என்ற மனசு ஒப்பல. உங்க புள்ளையும் நல்ல புள்ள, என்ற புள்ளையும் நல்ல புள்ள. ரெண்டுக்கும் வேற எடம் பாப்போமுங்க" என்று மட்டும் சொன்னாராம்.

"அவரு என்ன சொன்னாரு?" என்று அம்மா கேட்டாள்.

"என்ற கையப் புடிச்சுக்கிட்டு, 'வயித்துல பால வார்த்தீங்க மச்சான்'னாரு. அவருக்கும் அதே ரோசனைதானாம். அபசகுனம் மாதிரி மனச உறுத்தீட்டே இருந்துதாம். தள்ளி வெச்சதே நாமதான், இப்ப வேண்டாம்னும் எந்த மூஞ்சில போயிச் சொல்றதுன்னு தவிச்சுட்டு இருந்தாராம். கோழி அடிச்சுச் சோறு போட்டுத்தான் அனுப்பினாரு."

"அந்தப் பையன்?" என்று நான் கேட்டேன்.

"அவந்தான் பரிமாறுனான். எலையில எடமில்லாமக் கொளம்ப ஊத்தறான்" என்றார் அப்பா.

அம்மா இரண்டு நாள் அழுதாள். அச்சடித்த பத்திரிகைகளை என்ன செய்வது, சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று புலம்பினாள். அவள் பயந்தபடி ஊர் பேசத்தான் செய்தது. ஆனால் என்னைப் பற்றிப் பேச ஊருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஸ்கைலாப் விழுந்து நின்று போன கல்யாணம் என்று ஒரு வரியில் விஷயம் முடிந்துவிட்டது. இதைவிடச் சுத்தமான காரணம் ஒரு பெண்ணுக்குக் கிடைத்திருக்காது. ஜாதகத்தில் கோளாறு என்றால் இன்னொருவன் யோசிப்பான். அமெரிக்காக்காரன் விட்டது கீழே விழுந்ததற்கு யார் என்ன சொல்ல முடியும்? பள்ளியில் மட்டும் எனக்கு ஸ்கைலாப் டீச்சர் என்று பெயர் விழுந்தது. நேராகச் சொல்ல மாட்டார்கள். படிக்கட்டில் நான் ஏறி வரும்போது, "ஸ்கைலாப் வருதுடி" என்று உள்ளே குரல் கேட்கும். நான் நுழையும்போது எல்லோரும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகஸ்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம்முடைய ராக்கெட் கிளம்பியது. கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே வழி தவறி வங்காள விரிகுடாவில் விழுந்துவிட்டது. சங்ககிரி லாரி ஆபீஸில் செய்தி கேட்டுவிட்டு வந்து அப்பா சொன்னார். யாரோ சொந்தக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்கிற குரலில் சொன்னார். மறுநாள் வகுப்புக்குப் போகவே எனக்குச் சங்கடமாக இருந்தது. எரிமலைப் படம் ஒட்டிய சுவரில் ராக்கெட் படத்துக்கு என்று இடம் விட்டு வைத்திருந்தேன்.

பெண்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன். உருண்டையில் விரல் வைத்து அழுதாளே, அந்தக் குள்ளப் பெண் எழுந்தாள். "டீச்சர், யாருக்காச்சும் அடி பட்டுச்சுங்களா?"

"இல்ல. கடல்லதான் விழுந்துது."

"அப்பறம் என்னங்க டீச்சர். மறுக்காச் செஞ்சுக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்கள் அதோடு விஷயத்தை விட்டுவிட்டுப் பாடப் புத்தகத்தைத் திறந்தார்கள். எனக்குத்தான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் ராக்கெட் சரியாகப் போய்ச் சேர்ந்தபோது நான் அதே வகுப்பறையில்தான் இருந்தேன். அதற்குள் வேலையும் நிரந்தரமாகியிருந்தது.

பிறகு எனக்கும் கல்யாணம் ஆனது. நாமக்கல்காரர், கூட்டுறவு அலுவலகத்தில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கறீங்க?" என்பதுதான். அம்மா அதற்குப் பிறகுதான் பழைய பத்திரிகைக் கட்டை எடுத்து அடுப்பில் போட்டாள்.

ராசிபுரத்துக்காரரை நான் மறுபடி பார்த்தது எண்பதுகளின் நடுவில், சேலத்தில் ஆடி மாதப் பொருட்காட்சியில். என் கணவரும் கூட இருந்தார். கூட்டத்தில் அப்பளம் விற்கிற கடைப் பக்கம் யாரோ, "டீச்சருங்களா?" என்று கேட்டார்கள். அவர்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தார். தோளில் ஒரு பெண் குழந்தை, பக்கத்தில் மனைவி. அப்பாவிடம் உண்மையைச் சொல்ல அவருக்கு இன்னும் ஒரு வருஷம் பிடித்ததாம். வீட்டில் பெரிய ரகளை. கண் ஆபரேஷன் ஆன பிறகு பெரியவர் மனம் இளகி, இப்போது பேத்தி இல்லாமல் சாப்பிட உட்காருவதில்லை என்றார்.

அவர் மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மெலிந்த, டைப் அடித்து வேகம் பழகிய விரல்கள். எதிரே ராட்டினம் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. "போலாமுங்களா?" என்று கேட்டாள். ஆண்கள் இருவரும் தலை சுற்றும் என்று மறுத்துவிட்டார்கள். நாங்கள் இருவர் மட்டும் ஏறி உட்கார்ந்தோம். மேலே போனதும் சேலம் முழுக்க விளக்கு தெரிந்தது. வடக்கே இருட்டில் மலை மேல் ஏற்காட்டு விளக்குகள் சில இருந்தன. அவள் சூரமங்கலம் எந்தப் பக்கம் என்று தேடிக் கையை நீட்டிக் காட்டினாள். கீழே என் கணவர் குழந்தையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துக் கையாட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.